ஒரு கட்டிலும் ஒரு நிமிடமும்

தலை சுற்றுகிறது என்று நம்மூரில் வாய் திறந்தால் போதும், கேட்பவர் எல்லாருமே வைத்தியர்தான். பித்தம் என்பார் ஒருவர். ரத்தம் பத்தவில்லை என்பார் அடுத்தவர். சர்க்கரையைப் பார்த்தாயா என்று மூன்றாமவர் கேட்பார். இவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அக்கறையில் சொல்கிறார்கள், காசும் வாங்குவதில்லை. பலகை மாட்டி உட்கார்ந்திருக்கும் மருத்துவர்களிலும் பலர் இதே பதில்களைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லி, சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்களே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நோயாளியைக் கட்டிலில் படுக்கவைத்து ஒரு நிமிடம் கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும் ஒரு நோய் இருக்கிறது. அந்த ஒரு நிமிடம் கிடைப்பதற்குள் எனக்குப் பல மாதம் ஓடிவிட்டது.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். சிவில் டிப்ளமோ படித்தவன். வீடுகள், கடைகள், எப்போதாவது ஒரு மண்டபம். இந்தத் தொழிலில் அண்ணாந்து பார்க்காமல் ஒரு நாள் ஓடாது. பீம் அடிமட்டம் நேராக இருக்கிறதா, சென்ட்ரிங் பலகை எங்காவது தொய்ந்திருக்கிறதா, சாரத்தில் நிற்பவன் கயிறு கட்டியிருக்கிறானா என்று எல்லாவற்றுக்கும் தலையைத் தூக்கியாக வேண்டும். நோய் அங்கேதான் கைவைத்தது.

லிண்டல் மட்டம் பார்க்கத் தலையைத் தூக்குவேன். இரண்டு மூன்று நொடி ஒன்றும் இருக்காது. அப்புறம் சுவர் ஓட ஆரம்பிக்கும். மயக்கம் இல்லை, கண் இருட்டவும் இல்லை. சித்தாள் என்ன பேசுகிறாள் என்பதுகூடக் காதில் விழும். உலகம் மட்டும் சுழலும். ஒரு நிமிடம் ஆவதற்குள் தானாக நின்றுவிடும். அதன் பிறகு வயிற்றைப் புரட்டும், அன்றைய பொழுது முழுக்க ஒரு தள்ளாட்டம் இருக்கும். இரவு இன்னும் மோசம். தூக்கத்தில் இடது பக்கம் புரண்டால் கட்டிலே கவிழ்கிறது என்று சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி விளக்கைப் போட்டு, "என்னங்க, மறுபடியுமா?" என்பாள். பித்தம்தான் என்று அவள் முடிவே செய்துவிட்டாள். காலையில் வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு.

முதலில் போன இடத்தில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கொஞ்சம் குறைவு, மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள் என்றார்கள். அடுத்த இடத்தில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புத் தேய்மானம், நரம்பை அழுத்துகிறது என்று சொல்லிக் கழுத்துப் பட்டையும் மாத்திரையும் கொடுத்தார்கள். வயது ஐம்பதைத் தாண்டிய யார் கழுத்தைப் படம் எடுத்தாலும் பெரும்பாலும் தேய்மானம் தெரியும், வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். அது வயதின் அடையாளம். தலைச்சுற்றலுக்கு அதுதான் காரணம் என்று சொல்ல அந்தப் படம் போதாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பட்டை போட்டதும் எனக்குச் சுற்றல் குறைந்தது. நானே நாலு பேரிடம் சிபாரிசு செய்தேன். ஏன் குறைந்தது என்று இப்போது தெரிகிறது. பட்டை போட்டால் தலையை அண்ணாத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. அசைந்தால் வரும் நோய், அசையாதவனுக்கு எப்படி வரும்? இன்னொன்று, இந்த நோய் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கும். அடங்குகிற நேரத்தில் எது வயிற்றில் இருந்ததோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். இஞ்சிச் சாறு குடித்தவருக்கு இஞ்சி, மாத்திரை விழுங்கியவருக்கு மாத்திரை, வேண்டிக்கொண்டவருக்குக் குலதெய்வம். தவறான வைத்தியம் எல்லாமே இங்கே கொஞ்சம் பலித்துவிடுகிறது. அதனால் கொடுத்தவருக்கும் சந்தேகம் வருவதில்லை, வாங்கியவருக்கும் வருவதில்லை. சில மாதம் கழித்துத் திரும்ப வந்தால் தேய்மானம் முற்றிவிட்டது என்று கணக்கு முடிந்துவிடும்.

எனக்கும் திரும்ப வந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். ஒரு சின்ன வீட்டுக் கழிவறைக்கு டைல்ஸ் ஒட்டுகிற காசு போனது. ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒன்றுமில்லை என்று மூளை நிபுணர் சொன்ன பிறகு வீட்டிலும் ஒரு பார்வை மாறுகிறது. வேலை நடக்கும் இடத்தில் அதற்கு முன்பே மாறிவிட்டது. மேஸ்திரி காலையிலேயே போட்டுக்கொண்டு வருகிறார் என்று பேச்சு. வீட்டுக்காரர் ஒருவர் நேரில் கேட்கத் தயங்கி, "உங்களுக்கு ஏதாச்சும் வலிப்பு மாதிரிங்களா?" என்று பக்குவமாக விசாரித்தார். நான் சாரத்தில் ஏறுவதை நிறுத்தினேன். பிறகு மாடிக்குப் போவதையும் நிறுத்தினேன். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து செல்பேசியில் வேலை வாங்கினேன். அப்படிக் கட்டிய ஒரு சுவரின் நேர்த்தியைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவதே மரியாதை.

கடைசியில் கண்டுபிடித்தவர் ஓர் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருந்த இளம் பெண் மருத்துவர். என் எக்ஸ்ரே உறையை அவர் பிரிக்கவே இல்லை. "ஐயா, படுக்கையில எந்தப் பக்கம் திரும்பினா சுத்துது?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. எவ்வளவு நேரம் சுற்றுகிறது, உட்கார்ந்திருக்கும்போது வருமா, காது கேட்கிறதா என்று இன்னும் இரண்டு மூன்று. பிறகு கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, தலையை இடது பக்கம் நாற்பத்தைந்து டிகிரி திருப்பிப் பிடித்தபடி சடாரென்று பின்னால் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தொங்கியது. கூரை சுழன்றது. "கண்ண மூடாதீங்க, மூடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே என் கருவிழி துடிப்பதைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பயிற்சி மாணவனையும் கூப்பிட்டுக் காட்டினார். அடங்கியதும் தலையை மெல்ல வலப்பக்கம் திருப்பினார், சற்றுக் காத்திருந்தார். உடம்போடு வலப்பக்கம் ஒருக்களித்து மூக்கு தரையைப் பார்க்கும்படி வைத்தார், மறுபடி காத்திருந்தார். பிறகு எழுப்பி உட்காரவைத்தார். எழுந்தபோது ஒருமுறை தூக்கிப்போட்டது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். மருந்துச் சீட்டு எழுதவில்லை.

இதற்கு மருத்துவத்தில் பினைன் பராக்ஸிஸ்மல் பொசிஷனல் வெர்டிகோ என்று பெயர், சுருக்கமாக பி.பி.பி.வி. எங்கள் தொழிலில் டியூப் லெவல் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். கண்ணாடி போலத் தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு மூலையிலும் பிடித்து மட்டம் குறிப்போம். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி நின்றுவிட்டால் மட்டம் பொய் சொல்லும். காதின் உட்பகுதியிலும் இப்படித் திரவம் நிரம்பிய அரைவட்டக் குழாய்கள் பக்கத்துக்கு மூன்று உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. பக்கத்திலேயே உள்ள ஒரு சின்னப் பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள், அதாவது நம் சுண்ணாம்புக் கல்லின் சரக்கேதான், மிக நுண்ணியதாக ஒட்டியிருக்கும். வயதாலோ தலையில் அடிபட்டதாலோ, பல நேரம் காரணமே தெரியாமலோ, அவற்றில் சில பெயர்ந்து குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. பெரும்பாலும் பின்பக்கக் குழாயில். தலையைச் சாய்த்ததும் துகள் நகரும், திரவத்தை இழுக்கும், தலை நின்ற பிறகும் சுழன்றுகொண்டிருப்பதாகக் காது மூளைக்குத் தகவல் அனுப்பும். குமிழியை வெளியேற்றக் குழாயைத் தூக்கி, சாய்த்து, தட்டுவோம் இல்லையா? அந்த மருத்துவர் என் தலையை வைத்துச் செய்ததும் அதுதான். குமிழி மேலே ஏறும், துகள் கீழே இறங்கும், வித்தியாசம் அவ்வளவே.

இது நேற்று கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. காதின் சமநிலை உறுப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1914-ம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ராபர்ட் பாரனி, தலையின் நிலை மாறினால் வரும் இந்தச் சுற்றலை 1921-ல் விவரித்தார். படுக்கவைத்துக் கண்ணைப் பார்க்கும் சோதனையை லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும் 1952-ல் வகுத்துக் கொடுத்தார்கள். துகளை அதன் இடத்துக்கே திருப்பி அனுப்பும் முறையை அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரத்து மருத்துவர் ஜான் எப்ளி உருவாக்கினார். தலையைத் திருப்பியே நோயைத் தீர்ப்பதா என்று சக மருத்துவர்கள் நகைத்தார்கள். பெயர் பெற்ற அவருடைய கட்டுரை 1992-ல்தான் அச்சேறியது. இன்று அது உலகம் முழுக்க முதல் சிகிச்சை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2017-ம் ஆண்டு வழிகாட்டுதல், இந்த நோய் என்று சோதனையில் தெளிவாகத் தெரிந்தவருக்கு, வேறு அறிகுறி இல்லாதபோது ஸ்கேன் எடுக்க வேண்டாம், சுற்றலை அடக்கும் மாத்திரைகளை வழக்கமாகக் கொடுக்கவும் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

சரி, இது நம்மூர்க் கோளாறு மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. ஜெர்மனியில் மக்களிடம் எடுத்து 2007-ல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 2.4 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வந்திருந்தது. அவர்களில் சரியான சிகிச்சை கிடைத்தவர்கள் 8 சதவீதம்தான். ஜெர்மனியிலேயே அப்படி! அமெரிக்காவில் 2000-ல் வெளியான இன்னொரு ஆய்வு வயதானவர்களைப் பற்றியது. முதியோர் மருத்துவப் பிரிவுக்கு வந்த 100 பேரைச் சோதித்ததில் 9 பேருக்கு இது இருந்தது, இருப்பது யாருக்கும் தெரியாமலே. அந்த 9 பேரும் மற்றவர்களைவிட அதிகம் கீழே விழுந்திருந்தார்கள், அன்றாட வேலைகளில் அதிகம் பிறரை நம்பியிருந்தார்கள், மனச்சோர்வும் அதிகம். நம் வீடுகளில் பாட்டி குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தால் வழுக்கிவிட்டது என்று தரையைத் திட்டுகிறோம். கொடியில் துணி போட அண்ணாந்தாளா, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் குனிந்தாளா என்று யார் கேட்டோம்? இத்தனைக்கும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கும்தான் இது அதிகம் வருகிறது.

ஏன் தவறவிடுகிறார்கள் என்று நான் யோசித்துப் பார்த்தது இதுதான். படுக்கவைத்துப் பார்க்க நேரம் வேண்டும். வாசலில் நாற்பது டோக்கன் காத்திருக்கும்போது, நோயாளி செருப்பைக் கழற்றி, கட்டிலில் ஏறி, சுற்றி, வாந்தி எடுத்து, தெளிந்து இறங்கும் வரை காத்திருப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. மாத்திரை எழுத அரை நிமிடம் போதும். தலையைத் திருப்பும் கையசைவுக்கு ரசீது போட முடியாது, ஸ்கேனுக்குப் போடலாம். பழி முழுவதையும் மருத்துவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டுச் சரியாகிவிடும், போங்கள் என்றால் நம்மில் எத்தனை பேர் நம்புவோம்? ஊசி கூடப் போடவில்லை என்று பஸ் ஸ்டாண்டில் நின்று புலம்புவோம்.

மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை வாந்தியையும் சுற்றலையும் சில நாள் அடக்கத்தான் செய்யும். துகளை நகர்த்தாது. அவற்றை மாதக்கணக்கில் விழுங்கும் வயதானவர்களில் சிலருக்குக் கை நடுக்கமும் நடை தளர்ச்சியுமாகப் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் வந்துவிடுகின்றன. பிறகு அதற்கு வேறு மாத்திரை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் தானாக வாங்கிக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

குணமானேன் என்று ஒரே வரியில் எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். சுழற்சி அன்றைக்கே போய்விட்டது, உண்மைதான். தள்ளாட்டம் போகவில்லை. பஞ்சு மேல் நடப்பதாக ஓர் உணர்வு சில வாரம் இருந்தது. பெரும்பாலோருக்கு அப்படித்தான் இருக்கும், தானே சரியாகும் என்றார் மருத்துவர். அதைவிடப் பெரிய தொல்லை என் பயம். உடம்பு சரியான பிறகும் நான் கழுத்தைத் திருப்பாமல், கூப்பிட்டால் இடுப்போடு திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தலையணை வைத்துப் பாதி உட்கார்ந்த நிலையில் தூங்கினேன். முடி வெட்டும் கடையில் தலையைப் பின்னால் சாய்க்க விடாமல் அந்தத் தம்பியிடம் சண்டை போட்டேன். மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பட்டையைத் தூக்கிப் போடுங்கள், நடங்கள், நடக்கும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்புங்கள், எந்தப் பக்கம் பயமோ அந்தப் பக்கமே படுத்து எழுங்கள். தலையைப் பொத்திப் பொத்தி வைத்தால் மூளை பழையபடி பழகாது என்றார். கால்வாய்க் கரையில் விடியற்காலை நடந்தேன், மரத்தில் இருக்கிற கொக்கை எல்லாம் வேண்டுமென்றே அண்ணாந்து பார்த்துக்கொண்டு. எதிரில் வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

மீண்டும் வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம் பேருக்குத் திரும்ப வருவதாக ஒரு கணக்கு உண்டு. எனக்கும் வந்தது. இந்த முறை இரவில் விளக்கைப் போட்ட மனைவி, "எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டாள். காலையில் மருத்துவமனைக்குப் போய்ப் படுத்தேன், மதியம் வேலைக்கு வந்துவிட்டேன். தென் கொரியாவில் எட்டு மருத்துவமனைகளில் 957 பேரை வைத்து நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்ததில் திரும்ப வரும் வீதம் 24 சதவீதம் குறைந்தது. வெயிலிலேயே நிற்கும் எனக்கு வைட்டமின் டி குறைவா என்று சிரித்தேன். பரிசோதனைச் சீட்டு அப்படித்தான் சொன்னது.

இதைப் படித்துவிட்டு எல்லாத் தலைச்சுற்றலும் காதுத் துகள்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அசையாமல் இருந்தாலும் விடாமல் சுற்றுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, வாய் குழறுவது, ஒரு பக்கம் கைகால் மரத்துப்போவது, எழுந்து நிற்கவே முடியாமல் சாய்வது, இதுவரை இல்லாத கடுமையான தலைவலி இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும், ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். யூடியூப் பார்த்துத் தானே தலையைத் திருப்பிக்கொள்பவர்களும் பெருகிவிட்டார்கள். எந்தப் பக்கம், எந்தக் குழாய் என்று தெரியாமல் செய்தால் பயன் இல்லை. பக்கவாட்டுக் குழாயில் துகள் இருந்தால் திருப்பும் முறையே வேறு. முதல் தடவை ஒருவர் பார்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஒருவர் எங்கே கிடைப்பார் என்பதில்தான் என் வாதம் நிற்கிறது. காது மூக்கு தொண்டை நிபுணர் எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் இந்தச் சோதனைக்கு நிபுணரே வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல நாடுகளில் பொது மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் செய்கிறார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையம் எதில் கட்டில் இல்லை? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். நடமாட முடியாத முதியவர்களைப் பார்க்கும் அவர்கள் கையிலேயே இந்தச் சோதனையையும் கொடுக்கலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை கேட்கும் செவிலியர், "படுத்தால், புரண்டால் சுற்றுகிறதா?" என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதி பேரைப் பிரித்துவிடலாம். கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நல வாரியமே இருக்கிறது. சாரத்தில் இருந்து விழுந்து செத்தவனுக்கு நிவாரணம் வாங்க நானும் அலைந்திருக்கிறேன். விழுவதற்கு முன் அவனுக்குத் தலை சுற்றியதா என்று எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை. மருத்துவ முகாம் நடக்கும்போது பெயின்டர்களையும் கொத்தனார்களையும் ஒருமுறை படுக்கவைத்துப் பார்க்கலாமே.

செலவு என்று பார்த்தால் பயிற்சி கொடுக்கிற செலவுதான். இயந்திரம் வாங்க வேண்டியதில்லை, கட்டடம் கட்ட வேண்டியதில்லை, டெண்டர் விட வேண்டியதில்லை. அதனாலேயே இது யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறதோ என்னவோ. டெண்டர் எடுத்துப் பழகியவன், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.